நோகுதோ எண்டு கேட்டனான்

தம்பி, அந்த ஸ்கேட்டைத் திருப்பிக் குடுத்திட்டு வாங்கோ. ஓம், உங்களைத்தான் சொல்லுறன். அந்த வாடகைச் சாமானைப் பிள்ளையின்ர காலில போடாதேங்கோ. வகுப்புத் துவங்க இன்னும் நேரம் கிடக்கு, ஐஸ் வழிக்கிற மெசினே இப்பதான் உள்ள போகுது. இதில இருங்கோ. நீயும் இரம்மா, அப்பாவுக்குப் பக்கத்தில.

நீங்கள் தமிழ் எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனான் எண்டு யோசிக்கிறியள். அந்தக் கவுண்டரடியில ஸ்கேட்டைப் போட்டுப் பாக்கேக்க, முன்னுக்குப் பெருவிரலை வைச்சு அமத்திப் பாத்தனீங்கள் எல்லோ, இடம் கிடக்கோ எண்டு. இந்த அரீனாவில எங்கட சனம் மட்டும்தான் அப்பிடிப் பாக்கிறது. வளருற பிள்ளை, அடுத்த வருசமும் போடட்டும் எண்டு. பள்ளிக்கூடச் சப்பாத்துக்கு அது சரி. இதுக்குச் சரிவராது. சிரிக்காதேங்கோ, நானும் அப்பிடித்தான் துவங்கினனான்.

என்ர பேர் தயாபரன். இஞ்ச என்னைத் தெரியாத ஆக்கள் இல்லை. முந்தி உடுப்பு மாத்துற அறைக்குள்ள போய், கேட்ட பிள்ளையள் எல்லாருக்கும் லேஸ் இறுக்கிக் கட்டிவிடுறது நான்தான். இப்ப மனேச்சர் உள்ள போகவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டார். அது வேற கதை. அதுதான் இந்தக் கன்ரீனடி வாங்கில இருக்கிறன். சனிக்கிழமையில வந்தால் என்னை இதில காணலாம்.

பிள்ளைக்கு என்ன பேர்? மிதுனா. நல்ல பேர். எத்தினை வயசு, பதினொண்டோ? காலை ஒருக்கா நீட்டு பாப்பம். சொக்ஸ் மொத்தமாக் கிடக்கு, கழட்டு. மெல்லிசு ஒண்டு என்னட்டக் கிடக்கு, புதுசுதான், இந்தா. தம்பி, நீங்கள் கோப்பியைக் குடியுங்கோ, ஆறப்போகுது.

இதுதான் சாமான், பாருங்கோ. தூக்கிப் பாருங்கோ. பாரமே இல்லை எல்லோ? பெரிய விளையாட்டுக்காரர் போடுறது இந்த மொடல்தான். தட்டிப் பாருங்கோ. முத்தின தேங்காய் மாதிரிச் சத்தம் கேக்குதோ? மலிஞ்ச ஸ்கேட்டைத் தட்டினால் மட்டை மாதிரித்தான் கேக்கும். இது காலோட சேர்ந்து நிக்கும். நீங்கள் வலது பக்கம் சரிஞ்சால் உடனை பிளேட்டும் சரியும். காலுக்கும் ஐசுக்கும் இடையில ஒரு மயிர் இடைவெளி இருக்கப்படாது, அதுதான் விசயம். சும்மா தாறன் தம்பி. காசுக் கதை கதையாதேங்கோ. நீங்கள் இந்த நாட்டுக்கு வந்து எவ்வளவு காலம்? எட்டு மாசம். எனக்குத் தெரியும் உங்கட நிலமை. பிள்ளை ஒருக்காப் போட்டுப் பாக்கட்டும்.

எனக்கும் ஒரு பிள்ளைதான், ஆரபி. பத்து வயசில ஹொக்கி விளையாடப் போறன் எண்டு நிண்டா. என்ர மனுசி சுபாஜினிக்கு விருப்பமில்லை. பரதநாட்டியத்துக்குப் போன பிள்ளையை ஐசில விழுத்தப் போறியளோ எண்டு கேட்டா. நான்தான் கொண்டுவந்து சேர்த்துவிட்டனான். சேர்த்துவிட்டுப்போட்டு, உங்களை மாதிரித்தான், ரெண்டு அளவு பெரிசா வாங்கி முன்னுக்குப் பஞ்சு அடைஞ்சு விட்டன். பிள்ளைக்குக் கணுக்கால் ரெண்டும் உள்ளுக்கு மடிஞ்சு, நாலு அடி போக ஒருக்கா விழும். பவானந்தன் எண்டு ஒருத்தன், அவன்ர மகள் நிதுஷாவும் அந்த வகுப்பில. இந்தக் கன்ரீனில வைச்சு, எல்லாரும் நிக்க, "என்ன தயா, மகளுக்குத் தோணி வாங்கிக் குடுத்திருக்கிறாய்?" எண்டு கேட்டான். எல்லாரும் சிரிச்சவை. ஆரபியும் நிண்டவ. அவ சிரிக்கேல்லை, என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவ.

அண்டைக்கு எனக்கு வந்த விசர் இருக்கே தம்பி, வீட்ட போன கையோட அந்தப் பஞ்சைப் பிடுங்கி எறிஞ்சனான்.

குதியைப் பின்னுக்கு அடி பிள்ளை. இன்னும். நிலத்தில குதியாலை குத்து. அப்பிடித்தான். இப்ப குதிக்குப் பின்னால என்ர விரல் போகுதோ? போகேல்லை. தம்பி, பாருங்கோ, போகேல்லை எல்லோ. விரல் போனால் அது ஸ்கேட் இல்லை, செருப்பு.

பிறகு நான் படிச்சன். யூடியூப்பில ஸ்கேட்டைப் பற்றி எத்தினை பேர் கதைக்கினமோ அத்தினையும் பாத்தனான். செய்தி பாக்கிறதை விட்டிட்டன். ஸ்கேட்டின்ர நாக்கை முன்னுக்கு இழுத்துப்போட்டு லேஸ் ஓட்டைக்குக் குறுக்கால ஒரு பென்சிலை வைக்கவேணும், வைச்சால் பென்சில் காலில முட்டப்படாது, முட்டினால் ஆழம் காணாது. நிமிந்து நிண்டால் பெருவிரல் முன்சுவரில மெல்லமாய்த் தொடவேணும், முழங்காலை மடக்கினால் விரல் கொஞ்சம் பின்னுக்கு வரவேணும். பிளேட்டை எவ்வளவு குழிவாத் தீட்டுறது எண்டதுக்கும் கணக்கிருக்கு. ஐசில போகேக்க சத்தத்தைக் கேட்டே நான் சொல்லுவன், இந்தப் பிள்ளையின்ர ஸ்கேட் தொளதொள எண்டு கிடக்கு, இது அளவு எண்டு. பவானந்தனே பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு வந்து என்னட்டக் காட்டினவன். நான் தள்ளி நிண்டு பாத்திட்டு, பரவாயில்லை எண்டு மட்டும் சொன்னனான்.

போன வருசம் ஆரபிக்குப் பதின்மூண்டு. வசந்தகாலத்தில பெரிய ரீமுக்கு ஆள் எடுக்கினம். அதில எடுபட்டால் பிறகு பள்ளிக்கூடம், யூனிவர்சிட்டி எல்லாம் ஹொக்கியாலையே போகலாம். அவவும் கனவு கண்டுகொண்டு திரிஞ்சவ. கோச்சும் சொன்னவ, பிள்ளையில வேகம் இருக்கு, திரும்பேக்கதான் கொஞ்சம் பிந்துது எண்டு. எனக்கு உடனை விளங்கிப் போச்சு. திரும்பேக்க பிந்துது எண்டால் சப்பாத்துக்குள்ள கால் அசையுது. வேற என்ன?

டபிள் ஷிப்ட் அடிச்சு இதை வாங்கினனான். கடையில ஒரு பெட்டை அளந்தவள். அரை அளவு கூட எடுங்கோ, இதில முழங்கால் மடக்கியும் பிள்ளையின்ர விரல் பின்னுக்கு வரேல்லை எண்டு சொன்னாள். நான் சொன்னன், அவ வடிவா மடக்கேல்லை, வடிவா மடக்கினால் வரும். ஆரபியிட்டக் கேட்டன், "நோகுதோ பிள்ளை?" "இல்லை அப்பா" எண்டா. கடைப் பெட்டைக்கு முன்னாலதான் கேட்டனான். அவள் பேந்தும் தலையை ஆட்டிக்கொண்டு நிண்டாள். இதைச் சூடாக்கிக் காலுக்கு ஏத்த மாதிரி வளைக்கிற மெசின் அங்க கிடக்கு, இந்த அளவில எண்டால் நான் சூடாக்கித் தரமாட்டன் எண்டிட்டாள். பெரிய அளவில ஸ்டொக் தேங்கிக் கிடந்திருக்கும், வேற என்ன. பதினெட்டு வயசுப் பெட்டை எனக்குச் சொல்லித் தாறாள்.

லேஸை இழுக்கிறன் பிள்ளை, காலை ஆட்டாத. கீழ இருந்து மேல, ஒவ்வொரு ஓட்டையா. அவசரப்பட்டுக் கட்டினால் பிறகு ஐசில தளரும்.

அப்ப நான் என்ன செய்தனான், வீட்டு ஒவனில வைச்சன். எங்கட சனத்தின்ர வீட்டு ஒவன் உங்களுக்குத் தெரியும்தானே, உள்ளுக்கு முழுக்கத் தாச்சியும் சட்டியும். அதெல்லாத்தையும் எடுத்து நிலத்தில அடுக்கிப்போட்டு, சூட்டை அளவா வைச்சு, ஸ்கேட்டை உள்ள வைச்சன். சுபா குசினி வாசல்ல நிண்டு, "ஒவனில ஒருநாளும் ஒரு கேக் வைச்சதில்லை, சப்பாத்து அவிக்கிறியள்" எண்டா. ஆரபிக்குச் சிரிப்பு. அண்டைக்கு நாங்கள் மூண்டு பேரும் சிரிச்சனாங்கள். பிறகு சூட்டோட காலில மாட்டிக் கட்டினன். அவ கதிரைக் கையை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருந்தா. "நோகுதோ?" "இல்லை அப்பா." சாமியறையில வைச்சுச் சந்தனம் குங்குமம் வைச்சன். இஞ்ச பாருங்கோ, குதியில அந்தக் குங்குமம் இன்னும் கொஞ்சம் கிடக்கு. துடைச்சும் போகேல்லை.

பிறகு ஒவ்வொரு முறையும் கேட்டனான். கட்டேக்கயும் கேட்பன், கழட்டேக்கயும் கேட்பன். ஒருநாளும் ஓம் எண்டு சொன்னதில்லை. சுபா ஒருநாள் சொன்னா, "நீங்கள் கேக்கிற விதத்தில அவள் வேற என்னத்தைச் சொல்லுவாள்?" எண்டு. நான் என்ன, கத்தியைக் காட்டியே கேட்டனான்? தகப்பன் கேக்கிறன், பிள்ளை சொல்லுது. நம்பாமல் விடவோ?

சுபாவுக்கு எல்லாத்திலயும் சந்தேகம். உடுப்புத் தோய்க்கேக்க சொக்சில ரத்தம் எண்டு கொண்டுவந்து என்ர முகத்துக்கு முன்னால பிடிச்சா. ஹொக்கி விளையாடுற பிள்ளைக்கு நகம் போகும், பூக்கட்டுற பிள்ளையே? ஆரபி வீட்டுக்குள்ளயும் சொக்ஸ் போட்டுக்கொண்டு திரியத் துவங்கினா. குளிர்தானே எண்டு நினைச்சன். கோயிலுக்குப் போனால், எல்லாரும் வெறுங்காலோட, இவ சொக்சோட நிப்பா. கோயில் உள்வீதி சுத்தேக்க பாதத்தின்ர வெளிக்கரையை ஊண்டி ஊண்டி நடந்தா. எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா மறிச்சு, "பிள்ளைக்குக் காலில என்ன தம்பி?" எண்டு கேட்டா. "ஒண்டுமில்லை அன்ரி, பிள்ளை ஹொக்கி விளையாடுறா" எண்டன். அண்டைக்கு எனக்குப் பெருமையாத்தான் கிடந்தது. நான் ஏன் பொய் சொல்லவேணும்.

அவ்வளவு இறுக்கமோ பிள்ளை? இல்லைத்தானே. முகத்தைச் சுழிக்காத, பழகிப் போகும்.

மார்கழியில ஒருநாள் ஆரபி தானாகவே வந்து சொன்னா, "அப்பா, இப்ப காலில ஒண்டும் தெரியேல்லை" எண்டு. எனக்கு வந்த சந்தோசத்தை உங்களுக்குச் சொல்ல ஏலாது. ஏனெண்டால் வீடியோவில அதைத்தான் சொன்னவன் ஒருத்தன். முதல்ல கொஞ்ச நாள் கஷ்டம், பிறகு கால் சப்பாத்தை ஏற்றுக்கொள்ளும், அதுக்குப் பிறகு போட்டிருக்கிறதே தெரியாது எண்டு. அந்தக் கட்டத்துக்கு வந்திட்டம் எண்டு நினைச்சன். உடனை பவானந்தனுக்குப் போன் அடிச்சுச் சொன்னனான்.

நத்தார் விடுமுறைக்கு இந்த அரீனாவைப் பூட்டிப்போட்டாங்கள். பயிற்சியை விடலாமோ? எங்கட வீட்டுக்குக் கிட்ட ஒரு பார்க், அதில வெளியில ஐஸ் போட்டிருக்கிறாங்கள். நல்ல குளிர். காத்தோட சேர்த்து மைனஸ் முப்பதுக்குக் கீழ எண்டு ரேடியோவில சொன்னவங்கள், பிள்ளையளை வெளியில விடாதேங்கோ எண்டும் சொன்னவங்கள். அவங்கள் எப்பவும் அப்பிடித்தான் சொல்லுறவங்கள். சுபா வேலைக்குப் போயிட்டா. பார்க்கில ஒரு குருவி இல்லை. ஐஸ் முழுக்க எங்களுக்குத்தான்.

நான் காரை ஐசுக்குக் கிட்டக் கொண்டுபோய் விட்டிட்டு, ஹீற்றரைப் போட்டுக்கொண்டு உள்ள இருந்தன். ஹோர்ன் ஒருக்கா அடிச்சால் ஓடவேணும், ரெண்டு தரம் அடிச்சால் திரும்பவேணும். அப்பிடி நாங்கள் பழக்கி வைச்சிருந்தனாங்கள். தம்பி, அண்டைக்கு அந்தப் பிள்ளை ஓடின ஓட்டம் இருக்கே. ஒரு பிந்தலும் இல்லை. சரிஞ்சு, ஐசில கோடு கீறின மாதிரித் திரும்புறா. என்னட்ட வீடியோ கிடக்கு, பிறகு காட்டுறன். கோச்சுக்குக் காட்டவெண்டு எடுத்தனான். கார்க் கண்ணாடிக்குள்ளால எடுத்ததால கொஞ்சம் மங்கல். இடையில ரெண்டு தரம் கார்ப் பக்கம் வந்து நிண்டவ. நான் ஹோர்ன் அடிச்சன், திரும்பப் போயிட்டா. கண்ணாடியை இறக்கிக் கேட்டுமிருக்கிறன், "நோகுதோ?" எண்டு. "இல்லை அப்பா, ஒண்டும் தெரியேல்லை." மெய்யாத்தான் சொன்னவ. பொய் சொல்லுற பிள்ளை இல்லை அவ.

வந்து காருக்குள்ள ஏறினாப் பிறகுதான் கரைச்சல். ஸ்கேட் கழறுதில்லை. லேசை முழுக்க உருவி எடுத்துத்தான் இழுத்தன். சொக்ஸ் ஒட்டிப்போய்க் கிடந்தது. இடது கால் விரல் எல்லாம் மெழுகுதிரி மாதிரி வெள்ளை. தொட்டால் அவவுக்குத் தொட்டதும் தெரியேல்லை. நான் செய்யவேண்டியதெல்லாம் செய்தனான் தம்பி. உரஞ்சினன். ஹீற்றரை முழுசாக் கூட்டி, காலைத் தூக்கி அதில நேர வைச்சுப் பிடிச்சன். கன நேரம் பிடிச்சன். பிள்ளை அழவேயில்லை. தன்ர காலைப் பாத்துக்கொண்டிருந்தா, வேற ஆற்றையோ காலைப் பாக்கிற மாதிரி.

ஆஸ்பத்திரியில டொக்டர் கேட்டார், இந்த எரிகாயம் எப்பிடி வந்தது எண்டு. குளிரைப் பற்றிக் கேக்காமல் அதைக் கேக்கிறார். இடது காலில சின்ன விரலும் அடுத்த விரலும். ஓம். எடுத்திட்டாங்கள். காப்பாத்த ஏலாதாம்.

ஏன் தம்பி எழும்புறியள்? இருங்கோ, இருங்கோ. ஒரு கால் கட்டியாச்சு, அரைவாசியில விட்டிட்டுப் போகப்படாது. கோப்பி ஊத்துப்படப் போகுது, கவனம்.

என்ர மனவருத்தம் எங்க எண்டு சொல்லுறன், கேளுங்கோ. ஆஸ்பத்திரிக்கு ஒரு பொம்பிளை வந்தவ, பிள்ளையளைப் பற்றி விசாரிக்கிற ஒபிசில இருந்து. என்னை வெளியில இருத்திப்போட்டு ஆரபியோட தனியக் கதைச்சவ. என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை, இந்த அளவை நீங்கள் எப்பிடித் தெரிவுசெய்தனீங்கள் எண்டு ஒரு கேள்வி இல்லை. ஆனால் பிள்ளை என்ன சொன்னவ தெரியுமோ? "அப்பா ஒவ்வொரு முறையும் நோகுதோ எண்டு கேட்டவர். நான் ஒவ்வொரு முறையும் இல்லை எண்டுதான் சொன்னனான்" எண்டு சொல்லியிருக்கிறா. பாத்தியளே? எனக்குச் சார்பாத்தான் சொல்லியிருக்கிறா. சுபா அதைக் கேட்டுப்போட்டு, சுவரைப் பிடிச்சுக்கொண்டு அழுதா. ஏன் அழுதவ எண்டு எனக்கு இண்டைவரைக்கும் விளங்கேல்லை. பிள்ளை என்னைக் குற்றம் சொல்லேல்லை எண்டு நான் ஆறுதல்பட்டனான்.

இப்ப அவை ரெண்டு பேரும் அஜாக்ஸ் ரவுணில, சுபாவின்ர தமையன் வீட்டில. அங்க இருந்து பள்ளிக்கூடம் கிட்ட. போன் எடுத்தால் சுபா எடுக்கிறா, ஆரபி நித்திரை எண்டுறா. பின்னேரம் நாலு மணிக்கும் நித்திரை. அவ இனி ஐசில இறங்க மாட்டன் எண்டு சொல்லிப்போட்டாவாம். எனக்கு நம்பிக்கை இல்லை. அது பயம், போகும். நான் யோசிச்சுப் பாத்தனான் தம்பி, ஒருத்தருக்கும் சொல்லேல்லை, உங்களுக்குச் சொல்லுறன். ரெண்டு விரல் இல்லாமல் அந்த இடது கால் இப்ப ஒடுங்கியிருக்கும். ஒடுங்கின காலுக்கு இந்த ஸ்கேட் வலு அளவாயிருக்கும். ஒருக்காப் போட்டுப் பாத்தால் அவவுக்கே தெரியும். சொல்லுவம் எண்டால் சுபா போனை அவவிட்டக் குடுக்கிறா இல்லை.

சரி, அது வரட்டும். அதுவரைக்கும் சாமான் சும்மா கிடந்து பழுதாகப்படாது எல்லோ. முந்தியும் ஒரு பிள்ளைக்குக் கட்டிவிட்டனான், இந்தச் சீனப் பிள்ளை ஒண்டு. தாய் வந்து சத்தம் போட்டு, மனேச்சரைக் கூப்பிட்டு, பெரிய அமர்க்களம். அந்தக் கதைதான் முதல்ல சொன்னது. நன்றியில்லாத சனம்.

பென்சில் எங்க? இந்தா கிடக்கு. பாப்பம். ம். கொஞ்சம் முட்டுது. பரவாயில்லை, சூடாக்கினால் விடும். என்னட்ட ஒவன் கிடக்கு, இப்ப உள்ள ஒரு தாச்சியும் இல்லை.

தம்பி, ஏன் கையைப் போடுறியள்? அது உங்களால அவிழ்க்க ஏலாது, நான் ரெட்டை முடிச்சுப் போட்டிருக்கிறன். லேசை அறுத்துப்போடாதேங்கோ, புது லேஸ். சத்தம் போடாமல் இருங்கோ, ஆக்கள் பாக்கினம். பிள்ளையே ஒண்டும் சொல்லேல்லை, நீங்கள் ஏன் பதறுறியள்?

நீ சொல்லு மிதுனா. அப்பாவைப் பாக்காத, இஞ்ச என்னைப் பார். இவ்வளவு விலையான சாமான், மாமா சும்மா தாறன். வடிவா யோசிச்சுச் சொல்லு. நோகுதோ?

கேட்டனீங்களே தம்பி? இல்லையாம். மற்றக் காலைத் தா பிள்ளை. நான் ஒருநாளும் கேக்காமல் கட்டுறேல்லை.